காடாத்தில் விதைத்த ஒன்பது தானியம்

என் பிரியமுள்ள மதினி,

வைகாசி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி. ஒன்பது தானியம், தானியத்துக்கு ஐம்பது விதை, ஆக நானூற்று ஐம்பது. முளைத்தவை நானூற்றுப் பத்தொன்பது.

விதைப் பரிசோதனை நிலையத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்த உங்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. 'நல்ல விதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதிரியை எடுத்திருப்பீர்கள். எனக்கோ இது தோல்வி. அந்த விதைகள் செத்த விதைகளாக இருக்க வேண்டும் என்றுதான் எட்டு நாளாக ஈரத் துணியைச் சுருட்டிச் சுருட்டி வைத்தேன். அவை உயிரோடு இருந்து என் வாதத்தைக் கெடுத்துவிட்டன.

என்ன வாதம் என்று சொல்கிறேன். நீங்கள் போனபிறகு இங்கே நடந்ததை உங்களுக்கு வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

உங்களைத் தீயில் வைத்த மறுநாள் விடிந்ததும் காடாத்துச் சடங்குக்கு ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனோம். எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்த்தோம். சாம்பலை ஒதுக்கி, மண்ணை நிரவி, தண்ணீர் தெளித்துப் பால் ஊற்றி, அந்த ஆறடி நீளத்தில் அண்ணன் தன் கையால் நவதானியம் விதைத்தான். நெல், கோதுமை, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. டவுணில் பூஜை சாமான் கடையில் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தவன் நான். ஒன்றே போதுமானதாக இருந்தது. மற்றது என் பைக் பெட்டியில் கிடந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். எங்கள் அப்பாவின் மூத்த அக்கா, தச்சநல்லூர்ப் பெரியத்தை, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அண்ணனைப் பெயர் சொல்லிக் கேட்டாள்.

"ஏல கோமதி, காட்டுல போய்ப் பாத்தியா? முளைச்சிருக்கா?"

"இல்லத்தே."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணும் முளைக்கல."

"மனசு ஆறிப் போனவங்களுக்கு மூணாம் நாளே பச்சை கட்டிரும்லா. பாவிமக என்ன மனத்தாங்கலோட போனாளோ."

அவ்வளவுதான். பருப்பு எத்தனை கிலோ என்று கேட்டுச் சமையல்காரர் வந்தார், அத்தை அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். சொன்னதை அப்போதே மறந்திருப்பாள். அண்ணன் மறக்கவில்லை.

ஏன் மறக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மாசியிலிருந்தே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள், கண் மங்குகிறது என்றீர்கள். "அறுப்பு முடியட்டும், டவுண் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான் அண்ணன். "சரி" என்றீர்கள். அறுப்பு மிஷின் வயலில் இறங்கிய அன்றைக்கு அடுப்படியில் விழுந்தீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அண்ணன் இதை என்னிடம் சொன்னான். "உன் குத்தம் ஒண்ணுமில்லண்ணே" என்றேன். பிறகு வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள்.

பெரியத்தை கேட்ட நாளிலிருந்து அண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நீங்கள் அவனை மன்னிக்காமல் போய்விட்டீர்கள். அதற்குச் சாட்சி அந்த ஒன்பது தானியம்.

ஒரு வேளைதான் சாப்பிட்டான், அதுவும் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால். கோயம்புத்தூர் விடுதியிலிருந்து வள்ளி தினமும் போன் பண்ணுவாள். "சித்தப்பா, அப்பா சாப்பிட்டாரா? உண்மையைச் சொல்லுங்க." உங்கள் மகளுக்கு உங்கள் குரல் அப்படியே வந்திருக்கிறது, தெரியுமா? பொய் சொல்ல வாய் வராது.

கார் சாகுபடிக்கு ஊரில் எல்லோரும் நாற்றங்கால் உழுதாயிற்று. அணையைத் திறந்தால் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். நம் ஒரு கோட்டை விதைப்பாடு மட்டும் அறுத்த தாளோடு கிடக்கிறது. நிலத்தையே, அதில் விதைக்கும் நெல்லின் அளவை வைத்துச் சொல்கிற ஊர் நம்முடையது. விதைக்க மாட்டேன் என்கிறவனுக்கு அது என்ன நிலம்? ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"விதைநெல்லை எடுத்து ஊறப்போடுவமாண்ணே?"

"அவ முளைக்க விடலலே. நான் எதை விதைக்க?"

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். பேட்டையில் பட்டறை வைத்து ரைஸ் மில் மிஷின்களைக் கழற்றி மாட்டுகிறவன். மிஷின் ஓடவில்லை என்றால் யார் சாபம் என்று யோசிக்க மாட்டேன், எந்தப் பாகம் என்று பார்ப்பேன். பொட்டலத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஹோமத்துக்கு விற்கிற சரக்கு. பழசாக இருக்கும், வண்டு மருந்து அடித்திருப்பார்கள். மிச்சமிருந்த பொட்டலத்தை முளைக்கப் போடுவேன், முளைக்காது, அண்ணனிடம் காட்டுவேன், அவன் எழுந்து வயலுக்குப் போவான். பட்டறையில் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, நீங்கள் செய்கிற மாதிரியே விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டினேன்.

காலையும் மாலையும் பிரித்துப் பார்த்ததில் அந்த ஒன்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டன. ஒன்பதுக்கும் ஒன்பது விதமான காவல். நெல் தன் உமியை விடவே விடாது. உமியில் மணலின் சத்து. அதை உரித்து உரித்துத்தான் என் ரப்பர் உருளைகள் தேய்கின்றன. கோதுமையும் ஒரு காலத்தில் அப்படி இறுக மூடியிருந்ததுதான். மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததில், அடித்தால் உமி கழன்றுவிடுகிற சாதி நிலைத்துவிட்டது. கொண்டைக்கடலைச் செடி இலையிலும் காயிலும் புளிப்பாக வியர்க்கும், புழு கிட்டே வர யோசிக்கும். துவரங்காய் மேல் பிசுபிசுப்பு. மொச்சைக்குள் கசப்பு, ஊறவைத்து வேகவைக்காமல் தின்றால் வயிறு பேசும்.

எள் வேறு தினுசு. காய் முற்றியதும் நுனியில் வாயைத் திறந்துவிடும். காற்று ஒரு ஆட்டு ஆட்டினால் அத்தனையும் தரையில். பாசிப்பயற்று நெற்று வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். மூடி வைப்பது ஒரு வேலை என்றால், நேரம் பார்த்து விடுவது அதைவிடப் பெரிய வேலை போல. செடிக்கு அந்த நேரம் எப்படித் தெரிகிறது, மதினி? இதை ஏன் நான் உங்களிடம் ஒரு நாளும் கேட்கவில்லை?

முளைக்காத முப்பத்தொன்றில் பாதிக்குமேல் கொள்ளு. அவையும் செத்தவை அல்ல. தோலை இறுக்கி, தண்ணீரை உள்ளே விடாமல், போட்ட அன்றைக்கு இருந்தது போலவே கல்லாகக் கிடந்தன.

நாம் இரண்டு பேரும் இதைப் பற்றிச் சண்டைதானே போட்டிருக்கிறோம். நான் உருளையை மாற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் பட்டறைக்கு வந்தீர்கள்.

"கொழுந்தனாரே, ஒரு நெல்லு தன் பிள்ளைய எம்புட்டுப் பத்திரமா மூடி வச்சிருக்கு. நீரு ரெண்டு உருளைய விட்டு உரிச்சுப்போடுதீரு. உம்ம தொழிலே திருட்டுத் தொழில்தான்."

"நீங்க மட்டும் என்ன மதினி? துணியில சுத்தி முளைக்க வச்சு, எண்ணிட்டு, குப்பையில தட்டுதீங்க. அது கொலை."

"கொலைகாரியா நானு? இந்த வாய்க்குத்தான் உமக்கு ஒருத்தனும் பொண்ணு தர மாட்டேங்கான்."

போன தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போன அன்றும் அப்படித்தான். வழியில் செம்மணல் மேடான தேரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மணலில் கிடந்த பனங்கொட்டையை என்னை இழுக்கச் சொன்னீர்கள். வரவில்லை. தோண்டினால், கொட்டையிலிருந்து ஒரு குழாய் மாதிரி கீழே இறங்கியிருந்தது. குருத்து அதன் அடி நுனியில் இருந்தது. "மேல மணல் கொதிக்குல்லா. பிள்ளையக் கீழ அனுப்பிட்டு, கொட்டை மட்டும் வெயிலத் தாங்கிக்கிட்டு மேலயே கெடக்கு பாத்தீரா" என்றீர்கள். "நல்ல டிசைன்" என்றேன். "டிசைனாம் டிசைன்" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

சரி, இன்று காலைக்கு வருகிறேன்.

சோதனையைப் பற்றி அண்ணனிடம் முதல் நாளே பீற்றியிருந்தேன், அதனால் மறைக்க வழியில்லை. துணிச் சுருள்களோடு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாங்கிப் பிரித்தான். ஒரு நெல் முளையை எடுத்து, வேரைப் பார்த்தான், முளையைப் பார்த்தான். மறுபடி பைய வைத்தான்.

"நல்ல வெதைலே. இதுல குத்தம் சொல்ல முடியாது."

"ஆமாண்ணே."

"அப்பக் குத்தம் எங்கன?"

சுருளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேலா, உங்கள்மேலா, அந்த நானூற்றுப் பத்தொன்பதின் மேலா, தெரியவில்லை.

"வண்டியில ஏறுண்ணே. வெதையப் பாத்தாச்சு, மண்ணப் பாக்கல."

"எதுக்குலே இப்ப?"

"ஏறுன்னா ஏறு. எனக்குப் பொறுமை இல்ல."

"உனக்கு என்னைக்குலே இருந்துச்சு?" என்றான். ஆனாலும் ஏறினான்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு நாங்கள் யாரும் சுடுகாட்டுப் பக்கம் போகவில்லை. நடுவில் சித்திரை மழை இரண்டு மூன்று தடவை நன்றாகப் பெய்திருந்தது. மருத மரங்களுக்குக் கீழே காய்கள் உதிர்ந்து கிடந்தன, ஒவ்வொன்றும் ஐந்து விலா புடைத்த கட்டைத்துண்டு மாதிரி. ஆற்றில் விழுந்தால் மிதந்துபோய் வேறு ஊர்க் கரையில் ஒதுங்கும். மண் மாதிரி எடுக்க ஒரு கொத்துக்கரண்டியும் பிளாஸ்டிக் பையும் கொண்டுபோயிருந்தேன். வெறும் மணல் கிடக்கும் என்றுதான் நினைத்தேன்.

பச்சையாக இருந்தது, மதினி.

உங்களை வைத்த இடம் மட்டும். அளந்து கோடு போட்டது போல அந்த நீளம், அந்த அகலம். நாலு விரல் உயரத்துக்கு நெருக்கமாகச் செடிகள். சுற்றிலும் மணலும் நெருஞ்சியும்.

அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்தான். ஒரு இலையை நுனியில் பிடித்து இழுத்தான். அம்பு முனை மாதிரிப் பிய்ந்து வந்தது.

"கொழிஞ்சி" என்றான்.

வயலுக்குத் தழை உரமாக வருடா வருடம் விதைக்கிறவனுக்கு வேறு சோதனை வேண்டாம். இலையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"நாம போட்ட ஒம்பதுல இது கெடையாதேலே."

"கெடையாது. இது மண்ணுக்குள்ளயே கெடந்திருக்கும். எத்தனை வருசமோ. இதோட தோலுக்குள்ள தண்ணி போகாது. நீ விதைக்கதுக்கு முன்ன என்ன செய்வ?"

"வெந்நில போட்டு எடுப்பேன்."

"ஏன்?"

"சூடு பட்டாத்தான் தோல் விடும்."

"இங்கன ராத்திரி பூரா சூடுதான். அதுக்கப்புறம் மழை."

எனக்கு அப்போதுதான் மற்றதும் விளங்கியது. எத்தனை மில்லில் நெல் அவிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை. தீ எரிந்த மணல் மேலே ஆறிவிட்டது போலத் தெரியும். கீழே சூடு அப்படியே இருக்கும். அன்று அதன்மேல் தண்ணீரும் பாலும் ஊற்றி, நெல்லையும் பயற்றையும் தூவி, மண்ணால் மூடினோம்.

"ஈரத்தோட சூடு சேந்தா நெல்லு என்ன ஆகும்ணே?"

"அவிஞ்சு போகும்."

"அதான் நடந்திருக்கு. அன்னைக்கு நாம விதைக்கல. அவிச்சிட்டு வந்திருக்கோம். மிச்சம் மீதிய மயில் தின்னிருக்கும்."

ஒரே சூடுதான். ஒன்பதை அவித்தது, ஒன்றை எழுப்பிவிட்டது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று, இனி அண்ணன் எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் செடிகளைத் தடவிக்கொண்டே வேறொன்றைக் கேட்டான்.

"அப்ப இது அவ சொல்லுத பதிலாலே? மன்னிச்சிட்டேன்னு சொல்லுதாளா?"

மதினி, 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கேயே அழுது முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பான். வள்ளிக்கு நிம்மதியாகப் போன் பண்ணியிருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. 'முளைக்காதது ஒரு பதில்' என்பதை உடைக்கத்தான் எட்டு நாள் பாடுபட்டேன். 'முளைத்தது ஒரு பதில்' என்று எப்படிச் சொல்வேன்?

"இல்லண்ணே."

"ஆமான்னு சொன்னா உனக்கு என்னலே கொறைஞ்சு போகும்?"

"நாளைக்கு ஒரு ஆடு வந்து இதை மேஞ்சிட்டுப் போகும். அப்ப மறுபடியும் சாப்பிடாம உக்காருவ. விதை யாருக்கும் சாட்சி சொல்லாதுண்ணே. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல."

ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அறுப்பு முடியட்டும்னு நான் சொன்னது தப்பாலே?"

நூறு பேர் 'இல்லை' என்று சொன்ன கேள்வி. நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் 'இல்லை' என்றவன்தான்.

"தப்புதாண்ணே. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும். போயிருந்தாப் பிழைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா நீ சொன்னது தப்பு."

எழுந்து அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. நீங்கள் போன அன்றுகூட அவன் அழவில்லை, மதினி. தீ வைக்கும்போது அழவில்லை. இன்று அப்படி அழுதான், நாணலில் இருந்த கொக்கு எழுந்து பறந்தது.

"இதை ஒருத்தனாவது சொல்லுதானான்னு பாத்தேன்லே," என்றான் துண்டுக்குள்ளிருந்து. "வாயைத் திறக்கும்போதெல்லாம் இல்ல இல்லன்னு எல்லாரும் அடைச்சிட்டாங்க. அவகிட்ட சொல்ல முடியல. உங்ககிட்டயும் சொல்ல விடல. நான் எங்கன போய்ச் சொல்ல?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று நீங்கள் சொன்ன அந்தச் 'சரி'க்குள் என்ன இருந்தது? கோபமா? இத்தனை வருடப் பழக்கமா? அறுப்பு முடியட்டும் என்று நீங்களும் நினைத்தீர்களா? அந்த ஒரு வார்த்தையை மூடிக்கொண்டு போய்விட்டீர்கள். அதை உரித்துப் பார்க்கிற மிஷின் என்னிடம் இல்லை. அண்ணனிடமும் இல்லை. தெரியாமலேதான் அவன் மிச்ச நாளை வாழ வேண்டும். கஷ்டம்தான். ஆனால் உங்கள் பெயரால் ஒரு பொய்யைப் பதிலாகக் கொடுத்தால் அது அதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா, மதினி?

திரும்பி வரும்போது, வண்டியின் பின்னாலிருந்து, "பசிக்குலே" என்றான். ரோட்டோரக் கடையில் ஐந்து இட்லி சாப்பிட்டான். சட்னி தண்ணீராக இருக்கிறது என்று கடைக்காரரிடம் குறை சொன்னான். எனக்கு அந்தக் கடைக்காரர் காலில் விழலாம் போல இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து, "வெதநெல்லை எங்கனலே வச்சா அவ?" என்று கேட்டான்.

"மச்சுல, தகரப் பீப்பாயில."

"வேப்பிலை போட்டிருப்பா. வண்டு விழுந்திருக்காது," என்றான். பிறகு, "வள்ளிகிட்ட நான்தான் சொல்லணும், குமாரு. அவ அம்மா தலைவலின்னு சொன்னது, நான் சொன்னது, எல்லாம். வேற யாரு வாயாலயும் அவ கேக்கக்கூடாது."

இதை உங்களுக்கு ஒரு கடிதமாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "வள்ளிகிட்ட சொன்னதுக்கு அப்புறம் எழுதினதை யாருக்கு வேணாலும் காட்டு" என்றான். உள்ளே இப்போது தூங்குகிறான். இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்த அழுத்தம் பார்ப்பேன். நானும் பார்த்துக்கொள்வேன். வயல் வேலை எதுவானாலும் அதற்குப் பிறகுதான்.

2. திரும்பி வந்ததும் விதைநெல்லை ஊறப்போட்டு, முளைகட்ட மூட்டம் போடுவோம். நாற்றங்காலில் அவன் விதைக்கும்போது வரப்பில் நிற்பேன். சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்ட மாட்டேன்.

3. பெரியத்தையிடம் சண்டைக்குப் போக மாட்டேன். இனி எந்த வீட்டிலும் 'முளைச்சிருக்கா' என்று கேட்காதே என்று ஒரு தடவை சொல்லுவேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

4. வள்ளி வெள்ளிக்கிழமை வருகிறாள். அவள் கேட்டு முடிக்கும்வரை இந்தக் கடிதம் எந்தப் பத்திரிகைக்கும் போகாது.

5. அண்ணன் அவளிடம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பேன். அவன் திணறினால் நான் முடித்துவைக்க மாட்டேன். அவள் அவனைக் கேட்கிற கேள்விக்குக் குறுக்கே விழ மாட்டேன். அவள் பேசாமல் எழுந்து போய்விட்டால், அவள் திரும்பி வரும்வரை, எவ்வளவு நேரமானாலும், வாயைத் திறக்காமல் அவனோடு உட்கார்ந்திருப்பேன்.

திட்டுவதற்கு நீங்கள் இல்லாத வீட்டிலிருந்து,
உங்கள் கொழுந்தன்
முத்துக்குமார்